பெரியப்பாவின் பீடியும் பெருங்குடலும்

என் பெரியப்பாவுக்கு விடிவது காலை ஐந்தரை மணிக்கு. திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியை ஊதி ஊதிக் குடிப்பார். டம்ளரைக் கவிழ்த்த கையோடு மடியிலிருந்து பீடிக்கட்டு வெளியே வரும். ஒன்றை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிப் பார்ப்பார். தூள் உதிர்ந்தால் அது கழிவு, அடுத்ததை உருவுவார். பற்றவைத்து நாலு இழுப்பு. ஐந்தாவது இழுப்பு முடிவதற்குள் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"ஒரு பீடி இழுத்தாத்தாம்ல வண்டி நகரும்" என்பது அவர் வாக்கு.

ஐம்பத்தெட்டாவது வயதில், மூச்சிரைப்புக்காக மருத்துவரிடம் போய் வந்த அன்றே பீடியை விட்டார். அதற்கே ஒரு மாலை போட வேண்டும். ஆனால் இரண்டு மாதம் கழித்து நான் ஊருக்குப் போனபோது வாசலிலேயே மறித்து வழக்கு வைத்தார். "பீடிய விட்டதுல என்ன கண்டேன்? வெளிக்கும் ஒழுங்காப் போகல, தொந்தி விழுந்து வேட்டியும் இடுப்புல நிக்கல. நீ நாலு எழுத்துப் படிச்சவன்தானல, சொல்லு. பொக நெஞ்சுக்குள்ளதான போகு? வயித்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த அத்தியாயம் அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

நரம்புக்குக் கள்ளச்சாவி

முதல் வழக்கை முதலில் எடுப்போம். காலைப் பீடிக்கும் கழிவறைக்கும் என்ன உறவு?

நம் குடல் வெறும் குழாய் இல்லை. அதன் சுவருக்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. உணவைப் பிசைவது, தள்ளுவது, நிறுத்துவது என எல்லாவற்றையும் இந்த வலை பெரும்பாலும் மூளையைக் கேட்காமலே நடத்திக்கொள்ளும். இதைக் குடல் நரம்பு வலை என்று அழைப்போம். இந்த நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் முக்கியமான பொருள் அசிட்டைல்கோலின். ஒரு நரம்பணு அதைக் கக்கும், அடுத்த நரம்பணுவின் மேல் இருக்கும் பூட்டுப் போன்ற ஏற்பியில் அது போய் உட்காரும், செய்தி கடந்துவிடும்.

பீடிப் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் அந்தப் பூட்டுக்கான கள்ளச்சாவி. அந்த ஏற்பிக்கு 'நிக்கோட்டின் ஏற்பி' என்றே அறிவியலில் பெயர். கள்ளச்சாவியின் பெயரால் பூட்டு அறியப்படுவது வேடிக்கைதான்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. 1889இல் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற உடலியல் அறிஞர், விலங்குகளின் நரம்பு முடிச்சுகள்மீது நிக்கோட்டின் கரைசலைத் தூரிகையால் தடவிப் பார்த்தார். தடவியதும் அந்த முடிச்சு முதலில் துள்ளியது. சற்று நேரத்தில் மரத்துப்போனது, எந்தச் செய்தியையும் கடத்தவில்லை. உடலின் தன்னியக்க நரம்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று வரைபடம் போட அவருக்கு இந்தப் புகையிலைச் சாறுதான் கைகொடுத்தது. குடலின் நரம்பு வலையைத் தனித்த ஓர் அமைப்பாகப் பிரித்துப் பெயர் சூட்டியவரும் இதே லாங்லிதான்.

முதலில் துள்ளல், பிறகு மரத்தல். பெரியப்பாவின் நாலு இழுப்பு அந்தத் துள்ளல் பக்கத்தைச் சேர்ந்தது. நுரையீரலில் இறங்கிய நிக்கோட்டின் பத்திருபது நொடிகளில் மூளையைத் தொட்டுவிடும். அதே இரத்தம் குடலுக்கும்தான் போகிறது.

ஆனால் முழுப் பெருமையையும் பீடிக்கே கொடுத்துவிட முடியாது. தூங்கி எழுந்ததும் பெருங்குடல் தானாகவே சுறுசுறுப்படையும். வெறும் வயிற்றில் சூடாக ஏதாவது இறங்கினால் இரைப்பை விரிந்து, 'மேலே சரக்கு வந்துவிட்டது, கீழே இடம் விடு' என்று பெருங்குடலுக்குத் தகவல் போகும். கருப்பட்டிக் காப்பி அந்த வேலையைப் பாதி முடித்திருக்கும். இதோடு பழக்கம் வேறு. நாற்பது வருடம் ஒரே வரிசையில் காப்பி, பீடி, செம்பு என்று பழகிய குடல், பீடி வாசனை வந்ததும் அடுத்த கட்டத்துக்குத் தயாராகும். மணிச்சத்தத்துக்கு எச்சில் ஊறிய நாயை வைத்து நாம் நினைவில் வைத்திருக்கும் பாவ்லவ், 1904இல் நோபல் பரிசு வாங்கியது செரிமானம் பற்றிய ஆய்வுக்காகத்தான்.

பீடியை நிறுத்தினால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்துவிடுகிறது. 2003இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், புகையை விட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மலச்சிக்கல் வந்தது தெரிந்தது. பெரியப்பா தனியாள் இல்லை.

புகை வயிற்றுக்குள் வரும் வழிகள்

"பொக நெஞ்சுக்குள்ளதான போகு?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் புகை என்பது காற்று மட்டும் இல்லை. நுண்ணிய துளிகளும் துகள்களும் கலந்த கூட்டு. 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு வாயிலேயே எச்சிலில் கரைந்து, எச்சிலோடு விழுங்கப்படுகிறது.

மிச்சம் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அங்கே சுவரெங்கும் சளிப்படலம். அதற்கு அடியில் கோடிக்கணக்கான நுண்மயிர்கள் வயலில் நெற்பயிர் அலைவதுபோல மேல்நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். துகள் ஒட்டிய சளியை அவை தொண்டைவரை ஏற்றிவிடும். ஏறிய சளியைக் காறித் துப்புபவர்கள் கொஞ்சம். தெரியாமலே விழுங்குபவர்கள்தான் அதிகம். நுரையீரல் தன் குப்பையைப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழி இரத்தம். இதில் நிக்கோட்டினுக்கு ஒரு வினோத குணம் உண்டு. அது காரத்தன்மை கொண்ட பொருள். இரத்தத்திலிருந்து இரைப்பைக்குள் கசியும்போது அங்கே இருக்கும் அமிலம் அதைப் பிடித்து மின்னூட்டம் ஏற்றிவிடுகிறது. மின்னூட்டம் ஏறிய நிக்கோட்டினால் சவ்வைக் கடந்து திரும்ப முடியாது. மீன்பிடிப் பறியைப் பார்த்திருப்பீர்கள்: உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. அதனால் புகைப்பவரின் இரைப்பைச் சாற்றில் நிக்கோட்டினின் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுகிறது. அங்கிருந்து கீழே சிறுகுடலுக்குத்தானே போயாக வேண்டும்.

வரும் வழியெல்லாம் சேதம். உணவுக்குழாயின் அடிவாசலை மூடிவைக்கும் தசை வளையத்தை நிக்கோட்டின் தளர்த்துகிறது; அமிலம் மேலேறி நெஞ்சு எரிகிறது. அந்த அமிலத்தைத் தணிக்க வேண்டிய எச்சிலின் காரச்சத்தும் குறைகிறது. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை மருந்தால் ஒழிப்பதும் புகைப்பவர்களிடம் கடினம். இவையெல்லாம் மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தவை. புதிய கதை இதற்கும் கீழே நடக்கிறது.

குடற்குடி

பெருங்குடலில் ஒரு ஊர் இருக்கிறது. ஊர் என்றால் சின்ன ஊர் இல்லை. 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்: எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் மனித உயிரணுக்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. ஆள்கணக்கில் நாமே சிறுபான்மை. இத்தனை பேரையும் தராசில் ஏற்றினால் மொத்தம் கால் கிலோகூடத் தேறாது என்பது வேறு விஷயம்.

இந்தக் கூட்டத்தை ஆங்கிலத்தை ஒட்டி மைக்ரோபயோம் என்று எழுதுகிறார்கள். குடலில் குடியிருப்பதால் நான் குடற்குடி என்று சொல்லப்போகிறேன். 'குடி' என்றதும் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை, கீரைத்தண்டிலும் கம்பிலும் பயறிலும் இருப்பதை, குடற்குடி புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்களுக்கு முக்கியமான சாப்பாடே இதுதான். வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குடித்தனக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நோய்த்தடுப்புப் படைக்கு யாரை அடிக்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று பழக்குவதிலும் இவர்களுக்குப் பங்கு இருக்கிறது.

ஊருக்குள் யார் பெருகுவார்கள், யார் ஒடுங்குவார்கள் என்பதைத் தீர்மானிப்பது சூழ்நிலை: என்ன சாப்பாடு வருகிறது, எவ்வளவு ஆக்சிஜன் கசிகிறது, சளிப்படலம் எப்படி இருக்கிறது, என்ன நஞ்சு கலக்கிறது. புகை இவை அனைத்திலும் கை வைக்கிறது. மண்ணிலிருந்து புகையிலைச் செடி உறிஞ்சி வைத்திருக்கும் காட்மியம்கூட இந்த வழியாக உடலுக்குள் வந்துசேர்கிறது.

மாற்றம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. 2016இல் அமெரிக்கர்கள் 1,204 பேரின் வாயைக் கழுவிய நீரை எடுத்து ஆராய்ந்தார்கள். புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குடும்பம், புகைக்கவே புகைக்காதவர்களிடம் 11.7 சதவீதம் இருந்தது; புகைப்பவர்களிடம் 4.6 சதவீதம்தான். அந்தக் காலி இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை பெருகியிருந்தன. இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஊரில் இவரைச் சந்திக்கப்போகிறோம். புகையை விட்டு வருடங்கள் ஆனவர்களின் வாய், புகைக்காதவர்களின் வாயைப் போலவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சூரிச்சில் ஒன்பது வாரம்

குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க எளிய வழி மலத்தைப் பார்ப்பது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஒரு குழு இதைச் செய்து 2013இல் வெளியிட்டது. புகையை விட ஒப்புக்கொண்ட பத்துப் பேர், தொடர்ந்து புகைக்கும் ஐந்து பேர், புகைக்காத ஐந்து பேர். ஒன்பது வாரம் மலமாதிரி சேகரித்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. தொடர்ந்து புகைத்தவர்களிடமும் புகைக்காதவர்களிடமும் பெரிய மாற்றம் இல்லை. விட்ட பத்துப் பேரிடம் ஊரே புரண்டிருந்தது. ஃபர்மிக்யூட்ஸ், ஆக்டினோபாக்டீரியா என்ற இரண்டு பெருங்குடும்பங்கள் கூடின. பாக்டீராய்டீட்ஸும் புரோட்டியோபாக்டீரியாவும் குறைந்தன. வகைகளின் எண்ணிக்கையும் ஏறியது.

இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று. இந்த மாற்றம், மெலிந்தவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் இடையில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த வித்தியாசத்தை ஒத்திருந்தது. புகையை விட்டவர்களின் எடை ஏறுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று சூரிச் குழு ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

பெரியப்பாவின் இரண்டாவது வழக்குக்கு வந்துவிட்டோம்.

எலிக்கு ஏன் தொந்தி விழுந்தது?

புகையை விட்டவர்களுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் சராசரியாக நாலரை கிலோ ஏறுகிறது. இதற்கு நாமே சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. நிக்கோட்டின் பசியை அமுக்கும். உடல் எரிக்கும் ஆற்றலையும் சற்றுக் கூட்டும். அது போனால் பசி திரும்பும். நாக்கு ருசி அறியத் தொடங்கும். கை சும்மா இருக்காமல் முறுக்கு டப்பாவைத் திறக்கும். பெரியம்மாவின் கட்சி இதுதான்: "தின்னா ஏறாதா?"

ஆனால் சாப்பாட்டைக் கூட்டாதவர்களுக்கும் ஏறுகிறது. பெரியம்மாவின் வாதம் அந்த இடத்தில் தடுக்கிவிடும். வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவ் தலைமையிலான குழு இதை எடுத்துக்கொண்டு, 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சோதனையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஒரு சந்தேகத்தை எப்படிப் படிப்படியாக மடக்குவது என்பதற்கு இது நல்ல பாடம்.

எலிகளைச் சிகரெட் புகைக்கு ஆட்படுத்தினார்கள். கொழுப்பான தீனி தின்றும் புகை பட்ட எலிகள் அவ்வளவாகப் பெருக்கவில்லை. புகையை நிறுத்தியதும் எடை சரசரவென்று ஏறியது. ஆக, பெரியப்பாவின் கதை அப்படியே எலிக்கும் நடந்தது. எலிக்கு முறுக்கு டப்பா இல்லை, மனக்கவலை இல்லை, பழக்கத்தை விட்ட ஏக்கத்தைத் தீர்க்கக் கடலை மிட்டாய் வாங்கித்தர யாரும் இல்லை.

அடுத்து, வேறு சில எலிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துக் குடற்குடியை ஏறத்தாழக் காலி செய்துவிட்டு இதே சோதனையைச் செய்தார்கள். புகை, பிறகு நிறுத்தம், எல்லாம் அதே மாதிரி. இப்போது அந்த எடையேற்றம் நிகழவில்லை. ஊர் காலியானதும் தொந்தியும் வரவில்லை என்றால் ஊர்க்காரர்கள்மேல் சந்தேகம் வலுக்கிறது.

ஆனாலும் ஒரு வக்கீல் எழுந்து கேட்கலாம்: மருந்துதான் எடையைத் தடுத்ததோ என்னவோ? குடற்குடி குற்றவாளி என்பதற்கு நேரடிச் சாட்சி எங்கே?

மூன்றாவது படி அதற்காக. பிறந்ததிலிருந்து ஒரு பாக்டீரியாகூடத் தீண்டாமல், காற்றையும் தீனியையும் கிருமி நீக்கிக் கூண்டுக்குள் வளர்க்கப்படும் எலிகள் ஆய்வகங்களில் உண்டு. அவற்றின் குடல் ஆள் குடியேறாத புதுக் காலனி. புகை பட்ட எலிகளின் மலத்திலிருந்து குடற்குடியை எடுத்து இந்த எலிகளுக்குள் குடியேற்றினார்கள். இந்த எலிகள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் புகையை முகர்ந்ததில்லை. நிக்கோட்டினை விட்ட ஏக்கம் இவற்றுக்கு இருக்க வழியே இல்லை. இவையும் அளவுக்குமேல் எடை போட்டன.

எனக்கு இந்த ஆய்விலேயே பிடித்த இடம் இதுதான். யாரோ புகைத்த புகையின் நினைவு, மலத்தின் வழியாக, புகையே அறியாத ஓர் உடலுக்குள் போய் அங்கே கொழுப்பாக உட்கார்ந்துவிட்டது.

எப்படி? முட்டை, ஈரல், மீன், சோயா போன்றவற்றில் கோலின் என்ற சத்து இருக்கிறது. புகையிலிருந்து குடலுக்கு வந்துசேரும் பொருள்கள் குடற்குடியைக் கலைத்துவிடுவதால், எலியின் உடலும் குடற்குடியும் கூட்டுச் சேர்ந்து இந்தக் கோலினை டைமெத்தில்கிளைசின் என்ற பொருளின் பக்கம் திருப்பிவிடுகின்றன. அது கூடும்போது குடல், உணவிலிருந்து அதிக ஆற்றலைக் கறக்கிறது. எடையைக் குறைக்க உதவும் இன்னொரு பொருள், அசிட்டைல்கிளைசின், அதே சமயத்தில் குறைந்துபோகிறது.

கரும்புச்சாறு கடையில் நின்று பாருங்கள். ஒரே கழியை ஒரு தடவை ஆலையில் விட்டு எடுத்தால் அரை டம்ளர் சாறு. சக்கையை மடித்து இரண்டாம் தடவை, இன்னும் மடித்து மூன்றாம் தடவை விட்டால் டம்ளர் நிறைந்துவிடும். கரும்பு அதே கரும்புதான், ஆலைக்காரர்தான் கெட்டிக்காரர். புகையை விட்டவரின் குடலில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கூடிவிடுகிறது. பெரியப்பா அதே மூன்று இட்லிதான் சாப்பிட்டிருக்கலாம். மூன்றாம் தடவையும் பிழிந்து எடுத்தவர்கள் உள்ளே இருந்தவர்கள்.

எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் குழு ஒரு சிறு மனிதக் கூட்டத்தையும் பரிசோதித்தபோது இதற்கு ஒத்த அறிகுறிகள் தெரிந்தன. பெரிய ஆய்வு வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவின் கட்சி முழுவதும் தோற்றுவிடவில்லை, பசியும் உண்மை. ஆனால் குற்றப்பத்திரிகையில் இன்னொரு பெயரும் சேர்ந்திருக்கிறது.

'அப்படியென்றால் பீடியை விடாமலே இருந்திருக்கலாமே' என்று கேட்பவர்களுக்கு: ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018இல் இந்தக் கணக்கையும் பார்த்தார்கள். விட்டபின் எடை ஏறியவர்களுக்குச் சில வருடங்கள் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஏறிய எடையால், புகையை விட்டதால் கிடைக்கும் ஆயுள் லாபம் அடிபட்டுப்போகவில்லை.

ஒரே புகை, இரண்டு நோய்

இந்தக் கதையில் எல்லாம் நேர்கோட்டில் போனால் எழுதுவது சுலபம். குடல் மருத்துவர்களை நாற்பது வருடம் தலையைச் சொறிய வைத்த ஒரு முரண் இருக்கிறது.

குடலில் நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும் நோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பெருங்குடலின் உட்பரப்பில் புண்ணாக்கி இரத்தமும் சளியுமாகப் போகவைக்கும் புண் பெருங்குடலழற்சி. மற்றது கிரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரலாம், குடற்சுவரை ஆழமாக அரிக்கும். அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டும் புகையிடம் மட்டும் எதிரும் புதிருமாக நடக்கின்றன.

1982இல் வேல்ஸின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் நோயாளிகளிடம் புகைப்பழக்கத்தை விசாரித்தார்கள். புண் பெருங்குடலழற்சி உள்ளவர்களில் புகைப்பவர்கள் 8 சதவீதம்தான்; அந்த நோய் இல்லாதவர்களில் 44 சதவீதம். புகைக்காதவர்களுக்கு வரும் நோயாக அது தெரிந்தது. கிரோன் நோயிலோ நேர்மாறு: புகைப்பவர்களுக்கு அதிகம் வருகிறது, கடுமையாகிறது, அறுவை சிகிச்சை திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. விட்டுவிட்டால் நோயின் வேகம் குறைகிறது.

நிக்கோட்டின்தான் காக்கிறதோ என்று கார்டிஃபிலேயே சோதித்தார்கள். 1994இல் வெளியான ஆய்வில், புண் பெருங்குடலழற்சி உள்ள 72 பேரில் ஒரு பாதிக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மறுபாதிக்கு வெறும் பட்டை. ஆறு வாரத்தில் நிக்கோட்டின் பெற்ற 35 பேரில் 17 பேருக்கு அறிகுறிகள் முழுவதும் அடங்கின; வெறும் பட்டை ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கு. உதவி இருந்தது. ஆனால் அடங்கிய நோய் திரும்பி வராமல் தடுக்க அந்தப் பட்டையால் முடியவில்லை. நிக்கோட்டினைத் தாண்டியும் ஏதோ ஒன்று நடக்கிறது என்று தெரிந்தது.

2025இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் ஹிரோஷி ஓனோ குழு ஒரு விடையைக் காட்டியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அவருடைய வகையைச் சேர்ந்த, வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிட்டிஸ் தினமும் எச்சிலோடு கோடிக்கணக்கில் குடலுக்குள் இறங்குகிறது. சாதாரணமாக அங்கே அதற்குத் தங்க இடம் கிடைக்காது, வழிப்போக்கராக வெளியேறிவிடும். புகைப்பவரின் குடலில் ஹைட்ரோகுயினோன் போன்ற சில பொருள்கள் சேர்கின்றன. அவை இருக்கும் இடத்தில் இந்த வாய்வாசி பெருங்குடலின் சளிப்படலத்தில் பாய் விரித்துவிடுகிறார்.

அந்நியர் வந்து தங்கினால் ஊர்க்காவல் எழும். நம் நோய்த்தடுப்புப் படையில் துணை உயிரணுக்கள் என்ற தளபதிகள் உண்டு. அவர்களுக்குள் முதல் வகை, இரண்டாம் வகை என்று இரண்டு அணி. ஓர் அணி ஓங்கினால் மற்றது தாழும். மிட்டிஸ் வந்ததும் முதல் வகை அணி எழுகிறது. புண் பெருங்குடலழற்சியில் ஆட்டம் போடுவது இரண்டாம் வகையின் போக்கு. முதல் வகை எழுந்ததும் அது அடங்குகிறது. கிரோன் நோயிலோ ஏற்கெனவே முதல் வகைதான் எரிந்துகொண்டிருக்கிறது. அதில் மேலும் எண்ணெய். இடம் மாறிய ஒரே பாக்டீரியா, ஒரு வீட்டில் சமாதானத் தூதர், பக்கத்து வீட்டில் கொள்ளி.

இதைப் படித்துவிட்டு யாராவது 'வயிற்றுப் புண்ணுக்கு மருந்து' என்று பெட்டிக்கடைக்குக் கிளம்பினால் அவர் நுரையீரலிடமும் இதயத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. மருத்துவர்களின் ஆர்வம் வேறு: புகையே இல்லாமல் அந்தத் தூதரின் வேலையை மட்டும் செய்யவைக்க முடியுமா என்பது.

நிக்கோட்டினைச் சிதைப்பவர்

கடைசியாக ஒருவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் சற்று நீளம்: பாக்டீராய்டீஸ் சைலனிசால்வன்ஸ். நம் குடலில் வாழும் சாதாரணக் குடிமகன்தான். 2022இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, புகைப்பவர்களின் குடலில் நிக்கோட்டின் தேங்குவதையும், அந்தத் தேக்கம் எலிகளில் கல்லீரல் கொழுப்பு நோயை மோசமாக்குவதையும் காட்டியது. கூடவே, இந்த பாக்டீரியாவிடம் நிக்கோட்டினைத் துண்டாடும் ஒரு நொதி இருப்பதையும் கண்டுபிடித்தது. எலிகளுக்குள் இதைக் குடியேற்றியபோது குடலில் நிக்கோட்டின் குறைந்தது, கல்லீரலின் சேதமும் குறைந்தது. பதினாயிரக்கணக்கான வருடங்களாக நார்ச்சத்தைச் சிதைத்துப் பிழைத்தவர், நிக்கோட்டின் வந்ததும் அதற்கும் ஒரு கத்தி வைத்திருக்கிறார்.

பெரியப்பாவின் குடலிலும் அவர் இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால், நாற்பது வருடமாக ஐந்தரை மணிக்குக் கருப்பட்டிக் காப்பிக்குப் பின்னாலேயே வந்து இறங்கிய நிக்கோட்டின் சரக்கு ஒரு காலை அவருக்கு வராமல் போயிருக்கும். மறுநாளும் வந்திருக்காது. திண்ணையில் பெரியப்பா மடியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே 38 லட்சம் கோடிப் பேர் வேறு வேலை தேடத் தொடங்கியிருந்தார்கள்.